குளவின்னு அவங்களுக்கு யாரு சொன்னது?

உக்காருங்க சார், தாராளமா உக்காருங்க. அந்தப் போன மட்டும் கொஞ்சம் கவுத்து வச்சுக்கங்க. தப்பா எடுத்துக்காதீங்க. இப்பல்லாம் யாரு எதப் புடிச்சு எங்க அனுப்புறாங்கன்னே தெரிய மாட்டேங்குது. நீங்க எங்க கம்பெனி ஆள் இல்லையே? இல்ல, சட்டைய இன் பண்ணிருக்கீங்க, பைய மடியவிட்டு எறக்க மாட்டேங்கிறீங்க, ஏறுனதுலேருந்து என் சட்டையவே பாத்துக்கிட்டு வாரீங்க. அதான் கேட்டேன்.

ஓ, யூனிபார்மப் பாத்தீங்களா. ஆமா, ஆம்புலன்ஸ்தான். டிரைவர் இல்ல சார். டிரைவர எங்கள்ல பைலட்டுன்னு சொல்லுவோம். நான் பின்னாடி பேஷண்டுகூட உக்காந்து வர்றவன். ஆக்சிஜன் வைக்கிறது, ஊசி போடுறது, வண்டிக்குள்ளயே பிரசவம் பாக்குறது, எல்லாம் இந்தக் கைதான். பதினாலு வருஷம். பேரு சேவுகமூர்த்தி. திருப்பத்தூர்ல எறங்கிருவேன். நீங்க காரைக்குடியா? நல்லது. மதுரை இப்பத்தான தாண்டிருக்கு, நேரம் கெடக்கு.

ட்ரெய்னிங் முடிஞ்சு வாரேன். ட்ரெய்னிங்னு அவங்க சொல்றாங்க. ஆளக் கழிச்சுக்கட்ட புதுசா ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்கன்னு நான் சொல்றேன். மூணு சான்ஸ் குடுப்பாங்க. எனக்கு நேத்து ஒண்ணு போச்சு, இன்னைக்குக் காலையில ஒண்ணு போச்சு. திங்கக்கிழமை மூணாவது. அதுலயும் தேறலைன்னா வண்டிய விட்டு எறக்கி, மெட்ராஸ்ல போன் எடுக்குற சீட்டுல போட்டுருவாங்க. காதுல மாட்டிக்கிட்டு, உங்க பேரு என்ன, எந்த ஊரு, பக்கத்துல கோயில் எதுவும் இருக்கான்னு கேட்டுக்கிட்டே கெடக்கணும். நான் வண்டியில ஓடுனவன் சார். என்னைய ஒரு நாக்காலியில கட்டிப் போட்டா ஒரு மாசம் தாங்க மாட்டேன்.

அப்படி என்ன ட்ரெய்னிங்னு கேளுங்க. வெர்ச்சுவல் ரியாலிட்டியாம். வி.ஆர்.னு சுருக்கமாச் சொல்றாங்க. கண்ணு ஆபரேஷன் பண்ணவங்களுக்குக் கட்டுவாங்கள்ல, அந்த மாதிரி ஒரு கறுப்புப் பெட்டிய மூஞ்சில மாட்டி, தலைக்குப் பின்னாடி இறுக்கி விடுறாங்க. கைக்கு ஒண்ணா ரெண்டு கைப்பிடி. அம்புட்டுத்தான், ஹால் இல்ல, சுவரு இல்ல, பக்கத்துல நின்ன ஆள் இல்ல. நீங்க ஒரு வீட்டு வாசல்ல நிக்கிறீங்க. தலையத் திருப்புனா தெரு தெரியுது, நம்ம வண்டி நிக்குது, லைட்டு சுத்துது. குனிஞ்சா நம்ம கையே தெரியுது, நீலக் கையுறை போட்டிருக்கு. நம்ம கை இல்ல அது. ஆனா நம்ம அசைச்சா அசையுது. அங்கயே எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. எங் கைய எவனோ எடுத்துக்கிட்டான்ல?

சொல்லிக்குடுக்க வந்தது ஒரு பொண்ணு, ஷஹானான்னு பேரு, கோயம்புத்தூர்ப் பக்கம். இருபத்தாறு வயசு இருக்கும். ரொம்ப மரியாதை. "வாங்க சார், மாட்டிக்கங்க சார், தலை சுத்துனா உடனே சொல்லிருங்க சார்." மரியாதை அளவுக்கு மீறுனாலே நான் உஷாராயிருவேன். எலி ஏன் அம்மணமா ஓடுதுன்னு தெரியாமலா பதினாலு வருஷம் குப்ப கொட்டிருக்கேன்?

நேத்து நடந்தத சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. பெட்டிய மாட்டியாச்சு. உள்ள ஒரு வீடு. நடுவீட்டுல பாயில மஞ்சச் சேலை கட்டுன பொண்ணு ஒண்ணு கெடக்கு. சுத்தி எட்டுப் பேரு. கெழவி ஒண்ணு மாருல அடிச்சிக்கிட்டு அழுவுது. பெரிய மீச வச்ச ஒருத்தன் பூச்சி மருந்து டப்பாவத் தூக்கிக் காட்டுறான். "மருந்தக் குடிச்சிட்டா சார், சீக்கிரம் பாருங்க சார்!" அப்படிங்கிறான். இன்னொருத்தன் கதவோரமா கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான். எனக்கு அவனத்தான் புடிக்கல. கத்துறவன நம்பலாம் சார், கையக் கட்டிக்கிட்டு நிக்கிறவன நம்பக் கூடாது.

நான் என்ன பண்ணேன்? மருந்து கேஸுக்கு என்ன பண்ணணுமோ அம்புட்டும் பண்ணேன். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, வாயத் தொடச்சு, ஆக்சிஜன் வச்சு, டாக்டருக்குப் போன் போட்டு, ஊசி போட்டு, வண்டியில ஏத்தி... கை தன்னால வேல செய்யும் சார் எனக்கு. பெட்டியக் கழட்டுனா ஷஹானா சொல்லுது, "சார், பேஷண்ட் இறந்துட்டாங்க." ஏம்மா? "அது மருந்து கேஸ் இல்லைங்க சார். குளவி கொட்டி, ஒடம்பு ஒத்துக்காம தொண்ட வீங்கிருச்சுங்க. அதுக்குண்டான ஊசிய நீங்க போடலைங்க."

குளவியாம். இருபத்திரெண்டு பேரு வந்திருந்தோம். இருபத்தொரு பேரு குளவின்னு எழுதியிருக்கான். நான் ஒருத்தன் மருந்துன்னு எழுதியிருக்கேன். இப்பச் சொல்லுங்க. வீட்டுல குளவி பறக்கல. கூட்டத்துல ஒருத்தன்கூட குளவின்னு சொல்லல. டப்பாவக் காட்டுறான். மருந்து குடிச்சா வாசல்லயே நாத்தம் வரும், பெட்டிக்குள்ள நாத்தமும் கெடையாது. அப்ப இருபத்தொரு பேருக்குக் குளவின்னு யாரு சொன்னது? கேள்வித்தாள் வெளிய போயிருக்கு. வேற என்ன?

சாப்பாட்டு வரிசையில நின்னு ஒருத்தன் ஒருத்தனா கேட்டேன். எல்லாவனும் ஒரே பதில். "பாயில கெடந்த பொண்ணே சொல்லுச்சேண்ணே! மருந்து கிருந்து ஒண்ணும் குடிக்கலண்ணே, குளவி கொட்டிருச்சுன்னு சொல்லுச்சேண்ணே!" எனக்குச் சொல்லல சார். சத்தியமாச் சொல்லல. என் பெட்டியில அந்தப் பொண்ணு வாயே தொறக்கல. கெழவி அழுத சத்தம் கேட்டுச்சு, மீசக்காரன் கத்துனது கேட்டுச்சு, தெருவுல நாய் கொலச்சது கேட்டுச்சு. அந்தப் பொண்ணு மட்டும் பேசல. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. எனக்கு மட்டும் கெட்ட பெட்டியாப் பாத்துக் குடுத்திருக்காங்க.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா இருக்கேன்னு நெனக்காதீங்க. நான் சண்ட போட்டேன். "எனக்கு வேற பெட்டி குடுங்க"ன்னேன். ஷஹானாவும் சரிங்க சார்னு இன்னைக்குக் காலையில வேற ஒண்ணு குடுத்துச்சு. கேஸும் வேற. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் விழுந்து கெடக்கான், குடிகாரன்னு கூட்டம் சிரிக்குது. அதுல ஒருத்தன் வேட்டிய மடிச்சுக்கட்டி முன்னால முன்னால வாரான். அவன சமாளிக்கிறதுக்குள்ள டைம் முடிஞ்சுபோச்சு. கெடந்தவன் குடிகாரன் இல்லையாம், சக்கர நோயாளியாம், காலையில மாத்திரையப் போட்டுட்டு சாப்பிடாம வந்துட்டானாம். அதையும் அவனே மத்தவங்ககிட்டச் சொன்னானாம்! என்கிட்டச் சொல்லல. ரெண்டு பெட்டியும் கெட்ட பெட்டியா சார்? ரெண்டும் என் கைக்குன்னு வருமா?

சரி, இதோட விட்டாங்களா. ஹால்ல பெரிய திரையப் போட்டு, எல்லாரையும் உக்கார வச்சு, ஒவ்வொருத்தன் கண்ணும் எங்க எங்க போச்சுன்னு காட்டுனாங்க. ஆமா சார்! அந்தப் பெட்டி நம்ம கண்ணப் பாத்துக்கிட்டே இருந்திருக்கு. நம்ம அத பாக்கல, அது நம்மளப் பாத்திருக்கு. எங்கெங்க கண்ணு நின்னுச்சோ அங்கெல்லாம் செவப்புப் பொட்டு. மத்தவங்களுக்கெல்லாம் பாயில கெடந்த பொண்ணு மூஞ்சியில அம்மைபோட்ட மாதிரி அப்பிக் கெடக்கு. எனக்கு? கதவுல இருக்கு. கையக் கட்டுனவன் கையில இருக்கு. மீசக்காரன் இடுப்புல இருக்கு. அந்தப் பொண்ணு மூஞ்சியில ஒண்ணுகூட இல்ல. எல்லாவனும் என்னையத் திரும்பிப் பாக்குறான்.

நான் எந்திரிச்சு நின்னேன். "ஏம்மா, மூலையில ஒரு ஒலக்க சாத்தி வச்சிருந்துச்சே, அத வேற யாராச்சும் பாத்தாங்களா? நான் ஒருத்தன்தானே பாத்தேன்? அதுக்கு மார்க் இல்லையா?"ன்னு கேட்டேன். ஷஹானா சிரிக்கல. சிரிச்சிருந்தாக்கூட தேவலை. "சார், அந்த ஒலக்கைய வரஞ்சவங்களுக்கே அது அங்க இருக்கறது ஞாபகம் இருக்காதுங்க"ன்னுச்சு.

இவுங்களுக்கு என்ன தெரியும்? இந்தா பாருங்க, இந்தப் பின்மண்டையில. தடவிப் பாருங்க, பரவால்ல. ஏழு தையல். நாலு வருஷத்துக்கு முந்தி ஒரு ஊர்த் திருவிழாவுல சண்ட. குத்துப்பட்ட ஒருத்தன் மேல குனிஞ்சு, அவன் மூஞ்சியப் பாத்து, "பயப்படாதப்பா, உன் பேரு என்னப்பா"ன்னு கேட்டுக்கிட்டிருக்கேன். பின்னாடியிருந்து கட்டையால ஒரே போடு. ஏன் லேட்டா வந்தேன்னு. ரயில்வே கேட்டு மூடியிருந்ததுக்கு நானா பொறுப்பு? அன்னைக்கு முடிவு பண்ணேன். கையி பேஷண்டுகிட்ட, கண்ணு கூட்டத்துகிட்ட. கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுக் கூட்டத்தப் பாக்கணும். முதல் பாடமே அதான் சார், போற எடம் நமக்குப் பத்திரமா இல்லையான்னு பாருன்னு இவங்களே சொல்லிக்குடுத்ததுதான். அதுலேருந்து எம்மேல ஒரு அடி விழுந்ததில்ல. ஒரு வீட்டுக்குள்ள நொழஞ்சா, எவன் கை ஓங்குவான்னு ஒரு நிமிசத்துல சொல்லிருவேன்.

பேஷண்டப் பாக்கலையாம். நாடி புடிச்சா தெரியாதா? தொட்டா தெரியாதா? பொம்மைய எதுக்கு சார் மொறச்சு மொறச்சுப் பாக்கணும்?

நான் கெளம்பறப்ப ஷஹானா தனியாக் கூப்புட்டுச்சு. "சார், உங்க பெட்டியில ஒரு கோளாறும் இல்லைங்க. நான் ரெண்டு தடவ மாட்டிப் பாத்துட்டேன். அதுல வர்ற பேஷண்டுங்க, நாம மூணு செகண்டு அவங்க முகத்தப் பாத்தாத்தான் பேசுவாங்க. அப்படித்தான் பண்ணி வச்சிருக்கோம். திங்கக்கிழமை பாருங்க சார், பேசும்"னுச்சு. இது எப்படி இருக்கு பாருங்க. பாத்தாத்தான் பேசுமாம். உலகத்துல அப்படி எங்கயாச்சும் உண்டா? வலிக்கிறவன் நீ பாத்தாலும் கத்துவான், பாக்காட்டியும் கத்துவான். பெட்டி ரிப்பேர்னு ஒத்துக்கிட்டா கௌரவம் போயிரும், அதுக்கு ஒரு கத.

அதோட விட்டுருந்தா நானும் வந்திருப்பேன். அப்பத்தான் அந்தப் பொண்ணு கடைசியா ஒண்ணு கேட்டுச்சு. "சார், நெசமான கேஸுலயும் நீங்க பேஷண்ட் முகத்தப் பாக்க மாட்டீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு சார். ஏன்னா இதே கேள்விய, அச்சு மாறாம, வேற ஒருத்தன் எங்கிட்டக் கேட்டிருக்கான். சவரிமுத்து. என் பைலட்டு. ஆறு வருஷமா ஒரே வண்டி, ஒரே டீ கிளாசு. இந்த வருஷம் மாசி மாசம் வேலங்குளம் கேஸு ஒண்ணு போயிட்டு வந்தோம். வந்து எறங்குனதும் கேட்டான், "அண்ணே, அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தீங்களா?"ன்னு. நான் வண்டியக் கழுவுற வேலையில, "எல்லாம் பாத்தேன், நீ போ"ன்னேன். அன்னையிலேருந்து எங்கூட டீ குடிக்க வர்றதில்ல. கூப்புட்டா, வயிறு சரியில்லண்ணேங்கிறான். நாலு மாசமாவா வயிறு சரியில்ல? அவன் கேட்ட கேள்விய இந்தப் பொண்ணு கேக்குதுன்னா என்ன அர்த்தம்? அவன் போட்டுக் குடுத்திருக்கான். நெருப்பில்லாமப் பொகையாது சார்.

அந்தக் கேஸுல என் மேல ஒரு குத்தம் சொல்ல முடியாது. சொல்றேன் கேளுங்க. முத்தரசின்னு ஒரு புள்ள, கல்யாணமாகி எட்டு மாசம். புருஷன் சிங்கப்பூர்ல. இங்க மாமியா வீட்டுல இருந்துச்சு. மத்தியானம் மூணு மணிக்கு போன் வருது. போனா நெசமாவே மருந்து கேஸு. நாத்தம் வாசல்லயே அடிக்குது, குளவி கத எல்லாம் இல்ல. ஏத்துனோம். கூட வந்தது புருஷனோட அண்ணன், ஆறடி ஆளு. வண்டிக்குள்ள எனக்கு எதுத்தாப்புல உக்காந்தான், நடுவுல அந்தப் புள்ள படுத்திருக்கு. அவன் கை ரெண்டும் ஒரு மொழத்துக்கு இருக்கு. அவனப் பாத்ததும் முடிவு பண்ணேன், இவன்தான் இன்னைக்கு அடிக்கப் போறவன்னு.

பாதி வழியில ரயில்வே கேட்டு. மூடிட்டான். சைரன நிப்பாட்டிட்டு நிக்கிறோம், ஆறு நிமிஷம். எனக்கு எப்படி இருக்கும்? போன தடவ தலையில வாங்குனது கேட்டு மூடுனதுக்குத்தான். நான் அந்த ஆள் கையவிட்டுக் கண்ண எடுக்கல. என் கை பாட்டுக்கு வேல பாத்துக்கிட்டிருக்கு. ட்ரிப்பு ஓடுது, ஆக்சிஜன் ஓடுது, நாடி பாத்துப் பாத்து எழுதுறேன். கேட்டு தொறந்துச்சு, போனோம், பெரிய ஆஸ்பத்திரியில உசுரோட ஒப்படச்சோம். கையெழுத்து வாங்குனோம். மூணாம் நாளு அந்தப் புள்ள போயிருச்சுன்னு கேள்விப்பட்டேன். வருத்தம்தான். ஆனா நம்ம ஷீட்ட எடுத்துப் பாருங்க, ஒரு கோடு தப்பா இருக்காது.

அதுக்கப்புறம்தான் அந்தம்மா வந்துச்சு. முத்தரசியோட அம்மா. சிட்டம்மான்னு பேரு, பரமக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிற அம்மா. மாமியா வீட்டுக்காரங்க அதுக்குச் சேதியே மறுநாத்தான் சொல்லிருக்காங்க. அது ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்றதுக்குள்ள புள்ளைக்குத் தொண்டையில கொழாய் போட்டாச்சு, பேச முடியாது. அது நேரா எங்க வண்டி நிக்கிற எடத்துக்கு வந்து எங்கிட்ட ஒரே கேள்வி. "தம்பி, எம்மக வண்டியில எதாச்சும் சொன்னாளா?" நான் சொன்னேன், "இல்லம்மா, மயக்கத்துல இருந்துச்சு, வாயத் தொறக்கல." போயிருச்சு. பதினஞ்சு நாள் கழிச்சு திரும்ப வந்துச்சு. அதே கேள்வி. மூணாவது தடவையும் வந்துச்சு. அப்புறம் போன் பண்ண ஆரம்பிச்சுச்சு. இப்ப அந்த நம்பர் வந்தாலே எடுக்குறதில்ல.

நீங்களே யோசிங்க, ஒரு தாய் ஒரே கேள்விய எதுக்கு இத்தன தடவ கேக்கும்? எவனோ வக்கீல் சொல்லிக்குடுத்து அனுப்புறான். நம்ம வாயிலேருந்து ஒரு வார்த்த வாங்கி, அத வச்சுக் கேஸ் போடுறதுக்கு. ஊருக்கு எளச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. நாளைக்கு கோர்ட்டுப் படி ஏறுறவன் யாரு? நான்தானே?

என்ன சார், நீங்களும் அப்படிப் பாக்குறீங்க. இருங்க. நான் மனசுல வச்சிக்கிட்டு மருகுறவன் இல்ல. சவரிமுத்துகிட்ட இப்பவே கேட்டுருறேன். நீங்களே சாட்சி.

அலோ, சவரி. நான்தான். பஸ்ல வாரேன். நேரா விஷயத்துக்கு வாரேன். அந்த வேலங்குளம் கேஸப் பத்திக் கம்பெனியில யார்கிட்ட என்ன சொன்ன? பொய் சொல்லாத. ... யார்கிட்டயும் சொல்லலையா? மாதா மேல சத்தியமா? ... சரி. சரிப்பா, விடு. அப்ப எதுக்கு நாலு மாசமா எங்கூட டீ குடிக்க வர மாட்டேங்கிற? வயிறுங்காத. நெசத்தச் சொல்லு. ... சொல்லு, நான் கோவிச்சுக்கல.

... என்னது? திருப்பிச் சொல்லு. லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், ஒரப்பாச் சொல்லு.

சார், இவன் என்னமோ சொல்றான் சார். கேட்டுல நிக்கையில அந்தப் புள்ள பேசுச்சுங்கிறான். சைரன நிப்பாட்டியிருந்தோம்ல, நடுவுல சின்ன ஜன்னலு, அதுவழியா முன்னாடி இவனுக்கே கேட்டுச்சாம். "அண்ணே, எங்கம்மாவுக்கு ஒரு போன் போடுங்கண்ணே"ன்னு சொல்லிட்டு நம்பர் சொல்லுச்சாம். மெதுவா, நிறுத்தி நிறுத்தி. பத்து நம்பரையும். நாலு தடவ சொல்லுச்சாம். எங்கிட்டத்தானாம்.

நான் கேட்டுட்டு, வேணும்னே சும்மா இருந்தேன்னு நெனச்சானாம். மாமியா வீட்டுக்காரனுக்குப் பயந்துக்கிட்டோ, அவன் எதுவும் குடுத்தானோன்னு நெனச்சானாம். அந்தம்மா வந்து கேக்கையில நான் இல்லன்னு சொன்னப்ப இவன் வண்டிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தானாம். அதான் எங்கூட டீ குடிக்கப் புடிக்கலையாம். எம்மேலயே சந்தேகப்பட்டிருக்கான் சார், ஆறு வருஷம் எங்கூட ஓடுனவன்.

டேய், கத விடாத. அப்படியே பேசியிருந்தா, என்ன நம்பர் சொல்லுச்சு? சொல்லு பாப்போம். ... முழுசா ஞாபகமில்லையா? இப்ப மாட்டுனியா? ... கடைசி நாலு மட்டுமா? சரி, அதச் சொல்லு. எழுபத்திரெண்டு, பதினாலு. ஏன் அது மட்டும்? ... ஒவ்வொரு தடவையும் அந்த எடத்துல வந்து குரல் ஒடஞ்சுச்சா. சரி. வையி. பொறகு பேசுறேன்.

சார், அந்தம்மா கூப்புட்ட நம்பர் இந்தப் போன்ல கெடக்கும். எனக்குக் கண்ணாடி இல்லாம எழுத்துத் தெரியாது. இந்தா, செவப்பா வரிசையா இருக்கு பாருங்க, எடுக்காம விட்டது. ஆமா, எல்லாம் ஒரே நம்பருதான். கடைசி நாலு மட்டும் படிங்க சார். சத்தமாப் படிங்க.

எழுபத்திரெண்டு, பதினாலா? இன்னொரு தடவ படிங்க.

ரெண்டடி சார். எனக்கும் அந்தப் புள்ள தலைக்கும் ரெண்டடிகூட இருக்காது. அது கைய நான் புடிச்சிருந்தேன், நாடி பாக்குறதுக்கு. முன்னாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உக்காந்தவனுக்குக் கேட்டிருக்கு. எதுத்தாப்புல இருந்த அண்ணங்காரனுக்கும் கேட்டிருக்கும். எனக்குக் கேக்கல சார். சத்தியமாக் கேக்கல. பொய் சொல்லணும்னு சொல்லல நான். நான் அந்த ஆள் கையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அவன் என்ன பண்ணான் தெரியுமா? ஒண்ணும் பண்ணல. ஆறு நிமிஷமும் அந்தக் கை அவன் மடியிலயேதான் கெடந்துச்சு.

மூணரை மணிக்குப் போன் போட்டிருந்தா, பரமக்குடியிலேருந்து ஆறரைக்கெல்லாம் அந்தம்மா வந்திருக்கும். ராத்திரி எட்டு மணிக்குத்தான் கொழாய் போட்டாங்க. ஒன்னர மணி நேரம் பேசியிருக்கும் சார், தாயும் மகளும். அந்தப் புள்ள எப்படி இருக்கும், செவப்பா கறுப்பான்னு நீங்க கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. வளையல் தெரியும். ஊசி போட வளையலத் தள்ளிவிட்டேன்ல, கண்ணாடி வளையலு, பச்சை. மூஞ்சி தெரியாது.

இல்ல, போன் போட்டுருவோம். திங்கக்கிழமை வண்டியில உக்கார வைக்கிறாங்களோ, நாக்காலியில உக்கார வைக்கிறாங்களோ, அத அவங்க பாத்துக்கட்டும். வக்கீல் இருந்தா இருந்துட்டுப் போறான். அந்த நம்பர நீங்களே அமுக்கி விடுங்க சார். இப்பக் குடுங்க, காதுல வச்சுக்கிறேன். மணி அடிக்குது.

அம்மா. சிட்டம்மாவா? நான் ஆம்புலன்ஸ் சேவுகமூர்த்தி. ... ஆமாம்மா, நான்தான். எடுக்காததுக்கு என்னைய மன்னிச்சிருங்க. ஒண்ணு சொல்லணும், உக்காந்திருக்கீங்களா? எங்கயாச்சும் உக்காருங்க. உங்க மக பேசுச்சும்மா. இல்லன்னு நான் சொன்னது தப்பு. உங்களுக்குத்தான் போன் போடச் சொல்லிருக்கு. வேற யாரையும் கேக்கல. உங்க நம்பரச் சொல்லிச் சொல்லிக் கூப்புட்டிருக்கு, நாலு தடவ. பக்கத்துல உக்காந்திருந்தது நான். நான் திரும்பிப் பாக்கலம்மா.

... திட்டுங்கம்மா, நல்லாத் திட்டுங்க. எல்லாம் எனக்குத் தகும்.

... என்னம்மா? ... ஆமாம்மா. மாமியா வீட்டுல அது போனப் புடுங்கி வச்சிருந்தாங்களா? மனப்பாடமா வச்சிருந்துச்சும்மா. பத்தும் சொல்லிருக்கு. நாலு தடவையும் சரியாத்தான் சொல்லிருக்கு.